நீண்டகால உத்தரவாதம் நம்பத் தகுந்ததா?

கடன் கேட்டு வரும் அங்கத்தினருக்கு ஜாமீன் நிற்க முன்வருபவர் யார் என்று விசாரிக்காமல் எந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவும் கடனை மஞ்சூர் செய்வதில்லை. அவருக்கு நிலம் எவ்வளவு, தறி எத்தனை, முன்னர் வாங்கிய கடனைத் தவணை தவறாமல் செலுத்தினாரா, வேறு எவரெவருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பனவற்றையெல்லாம் அறிந்த பின்னரே அவருடைய கையெழுத்துக்கு நாம் மதிப்புக் கொடுக்கிறோம். ஜாமீன் பத்திரம் எத்தனை ஆண்டுகளுக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்து மனநிறைவு கொள்ளும் வழக்கம் கூட்டுறவு இயக்கத்தில் என்றும் இருந்ததில்லை.

ஆயினும் அதே நிர்வாகக் குழு சங்கத்துக்காக ஒரு மோட்டார் வண்டி வாங்கச் செல்லும்போது, இந்த விசாரணையை மறந்துவிடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். "ஐந்து வருட வாரண்டி", "ஏழு வருடம் கவலையில்லை" என்று விற்பனையாளர் சொன்னதும், அவ்வார்த்தைக்கு ஜாமீன் யார் என்று எவரும் கேட்பதில்லை. நெசவாளர் சங்கங்கள் நூல் சிப்பங்களை ஏற்றி வரவும் ஜவுளியை விற்பனை நிலையங்களுக்கு அனுப்பவும் சிறு சரக்கு வண்டிகளை வாங்குகின்றன. விவசாயிகளின் சங்கங்கள் வாடகைக்கு விடுவதற்கு டிராக்டர்களை வாங்குகின்றன. அங்கத்தினர்களும் தம் சொந்த உபயோகத்துக்காகக் கார்களையும் சுமை வண்டிகளையும் கடன் பெற்று வாங்குகின்றனர். ஆகையால் நீண்டகால உத்தரவாதம் என்பது எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தது என்பதை ஆராய்வது நம்மெல்லோருக்கும் பயன் தருவதாகும்.

உத்தரவாதம் மூவகை

விற்பனைச் சாலையில் "வாரண்டி" என்ற ஒரே சொல்லால் வழங்கப்படுவன உண்மையில் மூன்று வெவ்வேறு வாக்குறுதிகளாகும். முதலாவது, வண்டியை உற்பத்தி செய்த கம்பெனி கொடுப்பது. இதன் செலவு வண்டியின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. இதற்கெனத் தனியாக நாம் பணம் செலுத்துவதில்லை. இரண்டாவது, அக்காலம் முடிந்தபின் மேலும் சில ஆண்டுகளுக்கு நீடிப்பதாகக் கூறித் தனி விலைக்கு விற்கப்படுவது. பெயர் உத்தரவாதமாயினும், இது பழுதுபார்ப்புக்காக முன்பணம் பெற்றுக்கொண்டு செய்யப்படும் ஓர் ஒப்பந்தமே. இதன் பின்னே சில வேளைகளில் உற்பத்திக் கம்பெனியும், சில வேளைகளில் இன்ஷூரன்சு கம்பெனியும், சில வேளைகளில் நாம் கேள்வியுற்றிராத வேறொரு நிறுவனமும் நிற்கும். மூன்றாவது, வண்டியை விற்கும் வியாபாரி தம் சொந்தப் பொறுப்பில், வாடிக்கையாளரைக் கவர்வதற்காகக் கொடுப்பது.

நம் நாட்டில் 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்பனை ஒப்பந்தத்திலுள்ள வாக்குறுதிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் உயிர்நாடியான நிபந்தனை மீறப்பட்டால் சரக்கையே ஏற்க மறுக்கலாம். சார்பான உத்தரவாதம் மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாமேயன்றிச் சரக்கைத் திருப்பிவிட இயலாது. எனவே, "உத்தரவாதம் இருக்கிறது, பிடிக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று எண்ணுவோர் ஏமாற்றமடைய நேரும்.

வாக்குக் கொடுத்தவர் யார்?

இம்மூன்றில் எது நம் கையில் இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஏனெனில், கம்பெனியின் பெயர்ப் பலகை கடையின் முகப்பில் பெரிதாகத் தொங்கினாலும், கடைக்காரர் கம்பெனியின் சிப்பந்தி அல்லர். அநேகமாக அவர் கம்பெனியிடம் வண்டியை விலைக்கு வாங்கி நமக்கு விற்கும் தனி வியாபாரியே ஆவார். அவர் சொல்லுவதெல்லாம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது.

இவ்விஷயம் 2021 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கோவாவில் ஒருவர் 2011 ஆம் ஆண்டு மாடல் காருக்கு விலை கொடுத்தார். அவருக்குக் கிடைத்ததோ 2009 இல் செய்யப்பட்டு, முன்னரே 622 கிலோமீட்டர் ஓடிய வண்டி. அவர் வியாபாரியின் மீதும் டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியின் மீதும் வழக்குத் தொடுத்தார். கம்பெனிக்கும் வியாபாரிக்கும் இடையிலான உறவு முதலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள உறவு என்றும், வியாபாரியின் செய்கையைக் கம்பெனி அறிந்திருந்தது என்று மெய்ப்பிக்கப்படாதவரை அதற்குக் கம்பெனி பொறுப்பாகாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வியாபாரி பொறுப்பிலிருந்து தப்பவில்லை. ஆனால் பெரிய கம்பெனியை நம்பி வாங்கினோம் என்ற வாதம் கம்பெனியைப் பிணைக்கவில்லை. வியாபாரி தம் வாயால் நீட்டிக் கொடுக்கும் ஆண்டுகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

வியாபாரி நிலைத்திருப்பாரா என்பதும் கருதத்தக்கது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2017 ஆம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு கம்பெனி, சென்னைக்கு அருகிலுள்ள மறைமலை நகரிலும் குஜராத்தில் சாணந்திலும் தொழிற்சாலைகள் வைத்திருந்தும், இந்நாட்டில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இரு கம்பெனிகளும் தாங்கள் முன்னர்க் கொடுத்த உத்தரவாதங்களைத் தொடர்ந்து நிறைவேற்றுவதாகக் கூறின. ஆனால் விற்பனைச் சாலைகளின் நிலைமை வேறு. விற்பதற்கு வண்டி இல்லாத வியாபாரி கடையை மூட வேண்டியதுதான்; அல்லது வேறு கம்பெனியின் வண்டியை விற்கத் தொடங்க வேண்டியதுதான். மூடிய கடை தன் பொறுப்பில் கொடுத்த வாக்கை யாரிடம் சென்று கேட்பது?

அமெரிக்க நாட்டின் அனுபவம்

நீண்டகால உத்தரவாதங்கள் மிகுதியாக வழங்கிவரும் நாடு அமெரிக்கா. அங்கே ஆயுட்கால உத்தரவாதம் என்பதைக் கூட வியாபாரிகள் இனாமாகக் கொடுப்பதுண்டு. இவ்விஷயத்தில் அந்நாட்டார் பெற்ற அனுபவங்கள் நமக்குப் பாடமாக அமையும்.

முதலில் நற்பயன் தந்த ஒன்றைக் குறிப்பிடுவோம். 1998 ஆம் ஆண்டில் ஹூண்டாய் கம்பெனி, அமெரிக்கர்கள் தன் வண்டிகளை நம்பாத நிலையில், எஞ்சினுக்கும் அதைச் சார்ந்த இயக்கப் பகுதிகளுக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் அறிவித்தது. வண்டி அடிக்கடி பழுதுபட்டால் செலவு கம்பெனியின் தலையிலேயே விழும். ஆகவே வண்டியின் தரத்தை உயர்த்துவது கம்பெனிக்கே அவசியமாயிற்று. வாக்குக் கொடுத்தவரே பொருளைச் செய்பவராகவும் இருந்தால், வாக்கின் நீளம் ஒரு நன்மையே என்பதற்கு இது சான்று. ஆயினும் இதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. 10 ஆண்டு என்பது முதல் உரிமையாளருக்கு மட்டுமே. அவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியவருக்கு அவ்வுரிமை முழுமையாகச் செல்லவில்லை.

அடுத்து, 2007 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கிரைஸ்லர் கம்பெனி, தன் வண்டிகளின் இயக்கப் பகுதிகளுக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்று அறிவித்தது. யாருடைய ஆயுள் என்ற வினா எழுவது இயல்பு. முதல் உரிமையாளரிடம் வண்டி இருக்கும் வரை என்பதே பொருள். அவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, குறித்த நாட்களுக்குள், கம்பெனியால் அங்கீகரிக்கப்பட்ட வியாபாரியிடம் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். தவறினால் உத்தரவாதம் போய்விடும். இரண்டு ஆண்டுகள்கூட நிறைவதற்குள், 2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லர் கம்பெனியே திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் அவ்வழியே சென்றது. கிரைஸ்லரின் 789 வியாபாரிகள் அவ்வாண்டிலே நீக்கப்பட்டனர். வண்டி வாங்குவோர் அஞ்சி விலகிவிடாதபடி, இவ்விரு கம்பெனிகளின் உத்தரவாதங்களுக்கு அரசாங்கமே பின்னிற்கும் என்று குடியரசுத் தலைவர் ஒபாமா மார்ச்சு 30 இல் அறிவிக்க வேண்டியதாயிற்று. பின்னர்த் தோன்றிய புதிய கிரைஸ்லர் கம்பெனி பழைய வாக்குகளை ஏற்றுக்கொண்டது. எனினும் ஆயுட்கால உத்தரவாதத்தை அவ்வாண்டோடு கைவிட்டது. நூற்றுக்கணக்கான கோடி மூலதனமுள்ள கம்பெனிக்கே ஜாமீன்தார் ஒருவர் வேண்டியிருந்தது என்பது சிந்தித்தற்குரியது.

மூன்றாவது, விற்பனை வியாபாரிகளின் ஒப்பந்தங்களுக்குப் பின்னே பணப்பொறுப்பு ஏற்றிருந்த ஒரு நிறுவனத்தின் கதை. நேஷனல் வாரண்டி என்னும் இந்நிறுவனம் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரிலிருந்து அலுவல் நடத்தியது; பதிவு பெற்றிருந்ததோ கேமன் தீவுகளில். 2003 ஆம் ஆண்டில் அது நொடித்துப் போயிற்று. ஒப்பந்தம் வியாபாரியின் பெயரால் எழுதப்பட்டிருந்த இடங்களில் வியாபாரிகள் கைப்பணத்திலிருந்து பழுதுச் செலவைக் கொடுக்க நேர்ந்தது. அவ்வியாபாரியும் வலுவற்றவராயின் வண்டிக்காரருக்கு எஞ்சியது காகிதமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே முற்றிலும் பொருந்தும்.

விளம்பரத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள தூரத்தை 2024 ஆம் ஆண்டின் ஒரு நடவடிக்கை காட்டுகிறது. கார்ஷீல்டு என்னும் நிறுவனம் பழுதுச் செலவு பற்றி இனிக் கவலை வேண்டாம் என்று பிரபல நடிகர்களைக் கொண்டு விளம்பரம் செய்தது. பழுதுகள் பலவற்றுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்பதை வாங்கியோர் பின்னரே அறிந்தனர் என்று அந்நாட்டின் மத்திய வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. அந்நிறுவனம் ஒரு கோடி டாலர் செலுத்த இசைந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

நீளம் மலிவாகக் கிடைப்பது ஏன்?

வியாபாரி இத்தனை ஆண்டுகளைத் தாராளமாகக் கொடுப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். எந்த யந்திரத்தின் வாழ்விலும் பழுதுகள் ஒரே சீராக நிகழ்வதில்லை. தயாரிப்பில் நேர்ந்த குறைகள் முதல் சில மாதங்களிலேயே வெளிப்பட்டுவிடும். அவை உற்பத்திக் கம்பெனியின் முதல் உத்தரவாதத்துக்குள் அடங்கும். அதன் பின்னர் நெடுங்காலம் யந்திரம் அமைதியாக ஓடும். இறுதியில் தேய்மானத்தால் பழுதுகள் மீண்டும் பெருகும். நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் பெரும்பாலும் அந்த அமைதியான நடுக்காலத்திலேயே அமைகிறது. தேய்மானமோ உத்தரவாதத்துக்குப் புறம்பு என்று ஷரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கிளட்சுத் தட்டு, பிரேக்குப் பட்டை, பெல்ட்டு, ரப்பர்க் குழாய், டயர் முதலியன அநேகமாக எந்த உத்தரவாதத்திலும் முழுமையாக அடங்குவதில்லை. நம் தறியில் நாடா தேய்வது போல வண்டியில் தேய்வனவற்றைப் பற்றியே நமக்குக் கவலை. உத்தரவாதமோ அடிக்கடி உடையாதவற்றைப் பற்றியே பேசுகிறது.

அடுத்து, ஆண்டுக் கணக்கோடு கிலோமீட்டர்க் கணக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். எது முன்னர் முடிகிறதோ அதோடு உத்தரவாதம் தீரும். ஐந்தாண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று எழுதிய ஒரு சரக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் வேலைக்காக அது நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் வீதம், ஆண்டுக்கு 300 நாட்கள் ஓடினால், ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர் ஆகிறது. இரண்டே கால் ஆண்டுக்குள் 1,00,000 கிலோமீட்டர் முடிந்துவிடும். பத்திரத்தில் ஐந்தாண்டு, அனுபவத்தில் அதில் பாதிகூட இல்லை. டிராக்டருக்கு ஓடும் மணிகளைக் கொண்டு கணக்கிடுவதுண்டு. சொந்த நிலத்தில் மட்டும் உழும் டிராக்டருக்குப் போதுமான மணிக்கணக்கு, ஊரெங்கும் வாடகைக்கு ஓடும் சங்க டிராக்டருக்குப் போதாது. மேலும் வாடகைக்கு விடப்படும் வண்டிகளுக்குக் குறைந்த கால அளவே உண்டு என்று சில பத்திரங்களில் தனி ஷரத்து இருக்கும். அதைக் கண்டு தேடிப் படித்தல் அவசியம்.

குறுகிய உத்தரவாதமும் நம்பத்தக்கதாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் விவசாயிகள் நன்கறிந்த ஓர் உதாரணம் உண்டு. சான்று பெற்ற விதை மூட்டையில் கட்டப்பட்டிருக்கும் அட்டை, பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதங்களுக்கே செல்லும். ஆயினும் விவசாயி அதை நம்பி விதைக்கிறார். ஏனெனில் முளைப்புத் திறன் நூற்றுக்கு இத்தனை என்று அதில் கணக்கோடு கூறப்படுகிறது. பரிசோதித்த நாள் குறிக்கப்படுகிறது. சான்றளித்தவர் யார் என்பதும் தெரிகிறது. 1966 ஆம் ஆண்டின் விதைச் சட்டம் அதன் பின்னே நிற்கிறது. நம் நெசவாளர் சங்கக் கடையில் "சாயம் போகாது" என்று சொல்லி விற்ற சேலை முதல் சலவையில் சாயம் விட்டால், வாங்கியவர் அதே கடைக்கு வந்து கேட்கிறார்; சங்கமும் பதில் சொல்லுகிறது. மோட்டார் வண்டியின் உத்தரவாதத்திலும் இந்தத் தெளிவை நாம் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

நிபந்தனைகளில் நேரும் இழப்பு

உத்தரவாதத்தை வலியுறுத்தும் கடமை நம்முடையது போலவே, அதைக் காப்பாற்றிக்கொள்ளும் கடமையும் நம்முடையதாகும். குறித்த கிலோமீட்டரிலோ குறித்த மாதத்திலோ சர்வீசு செய்தல், அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் செய்தல், கம்பெனியின் அசல் உதிரி பாகங்களையே போடுதல், அனுமதித்த எடைக்கு மேல் பாரம் ஏற்றாமை, பழுது கண்டவுடன் வண்டியை நிறுத்தித் தெரிவித்தல் என்பன பொதுவான நிபந்தனைகள். இவற்றில் ஒன்று தவறினாலும் நிராகரிப்புக்கு அது காரணமாகக் காட்டப்படலாம்.

தணிக்கையின்போது நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். ஒரு நெசவாளர் சங்கம் தன் சரக்கு வண்டிக்கு மேற்கொண்டு மூன்றாண்டு உத்தரவாதத்தைத் தனி விலை கொடுத்து வாங்கியிருந்தது. மூன்றாம் ஆண்டில் கியர்ப் பெட்டி உடைந்தது. தீபாவளி ஜவுளி அனுப்ப வேண்டிய சமயம். சங்கக் காரியதரிசி சர்வீசு ரசீதுகள் யாவற்றையும் வைத்திருந்தார். ஆனால் ஒரு சர்வீசு வழியிலிருந்த வேறொரு பட்டறையில் நடந்திருந்தது. அதன் ரசீதில் ஆயில் மாற்றியதாக மட்டும் எழுதியிருந்ததேயன்றிக் கிலோமீட்டர் குறிக்கப்படவில்லை. அக்காரணம் காட்டிக் கோரிக்கை மறுக்கப்பட்டது. ஒருவரியில் எழுத வேண்டிய எண் இல்லாமற் போனதால், பழுதுச் செலவும், வாடகை வண்டிக்கான செலவும் சங்கத்தின் மேல் விழுந்தன. அவ்வாண்டு அங்கத்தினர்களுக்குக் கிடைக்க வேண்டிய போனஸில் அது குறைவாகத் தெரிந்தது.

இதற்கு மாறாக, அண்டை வட்டத்தில் ஒரு விவசாயச் சங்கத்தின் டிராக்டரில் ஹைட்ராலிக்குப் பம்பு கெட்டபோது, உற்பத்திக் கம்பெனியின் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துப் புதிய பம்பைப் போட்டுக் கொடுத்தார். அங்கே டிராக்டரின் ஓட்டப் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வீசும் தேதியோடும் மணிக்கணக்கோடும் எழுதப்பட்டிருந்தது. உத்தரவாதம் கம்பெனியினுடையது, பதிவேடு சங்கத்தினுடையது. இரண்டும் சேர்ந்தே பம்பைப் பெற்றுத் தந்தன.

விலை கொடுத்து வாங்கலாமா?

தனி விலைக்கு விற்கப்படும் நீட்டிப்பு இலாபகரமானதா என்பது அடுத்த வினா. அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் நுகர்வோர் பத்திரிகை பத்தாண்டுகளுக்கு முன்னர்த் தன் வாசகர்களிடையே விசாரித்தபோது, இத்தகைய நீட்டிப்பை வாங்கியவர்களில் நூற்றுக்கு 55 பேர் அதை ஒருமுறையேனும் பழுதுக்காகப் பயன்படுத்தவே இல்லை என்று தெரியவந்தது. அவர்கள் கொடுத்த விலையின் நடுத்தர அளவு 1,200 டாலருக்குச் சற்று அதிகம். பயன்படுத்தியவர்களிலும் பொதுவாகக் கொடுத்த விலை மீந்த செலவைவிட அதிகமாகவே இருந்தது.

இதனால் நீட்டிப்பு எவருக்கும் வேண்டாதது என்று முடிவு செய்துவிடலாகாது. ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கும் அங்கத்தினருக்கு எஞ்சின் ஒருமுறை பிளந்துவிட்டால் பிழைப்பே நின்றுவிடும். தாங்க முடியாத பெருஞ்செலவைச் சிறு தொகை கொடுத்துத் தவிர்த்துக்கொள்வது விவேகமே. அவர் உற்பத்திக் கம்பெனியே எழுதிக் கொடுக்கும் நீட்டிப்பாகப் பார்த்து, எஞ்சின், கியர்ப் பெட்டி முதலிய பெரும் பகுதிகள் அதில் அடங்குகின்றனவா என்று தெளிந்து வாங்கலாம். தாங்கக்கூடிய சிறு பழுதுகளுக்காக இன்னொருவருக்கு முன்பணம் கொடுப்பதில்தான் ஆதாயம் இல்லை.

பல வண்டிகளுக்கோ பல சங்கங்களுக்கோ வேறொரு வழி உண்டு. அது நம் இயக்கத்துக்குப் பழக்கமானதே. உதாரணமாக, பத்துச் சங்கங்கள் ஒவ்வொன்றும் நீட்டிப்புக்காக ரூ. 18,000 கொடுக்க இருந்ததாக வைத்துக்கொள்வோம். அத்தொகைகளை ஒன்று சேர்த்தால் ரூ. 1,80,000 ஆகிறது. அக்காலத்தில் இரண்டு வண்டிகளுக்குத் தலா ரூ. 50,000 வீதம் பெரும் பழுது நேர்ந்தாலும் ரூ. 80,000 மீந்து அடுத்த ஆண்டுகளுக்கு நிற்கும். நான்கு வண்டிகள் பழுதுபட்டால் நிதி பற்றாது என்பதும் உண்மையே. ஆகையால் தொடக்கத்தில் ஒரு வரம்பு வைத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். துணைவிதிகளுக்கு உட்பட்டும், பதிவாளரின் அனுமதி பெற்றும் இத்தகைய பழுது நிதி ஒன்றை அமைப்பது பற்றிச் சங்கங்கள் ஆலோசிக்கலாம். தனிச் சங்கமாயினும், ஆண்டுதோறும் ஒரு தொகையை வண்டிப் பழுதுக்கென ஒதுக்கி மத்திய பாங்கியில் இட்டு வைப்பது நலம். பழுது நேராவிடில் பணம் வியாபாரியிடம் போகாமல் வட்டியோடு சங்கத்திலேயே இருக்கும்.

சட்டத்தின் துணை

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவ்விஷயத்தில் உறுதியாகவே பேசுகிறது. தக்க பரிசோதனையின் ஆதாரமின்றிப் பொருளின் உழைப்புக்கும் ஆயுளுக்கும் உத்தரவாதம் கூறுவதும், நிறைவேற்றப்படும் என்ற நியாயமான எதிர்பார்ப்பில்லாத உத்தரவாதத்தை விளம்பரம் செய்வதும் நேர்மையற்ற வாணிப முறை என அச்சட்டம் விதிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ரூ. 50 லட்சம் வரையிலான புகார்களை மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். ரூ. 5 லட்சம் வரை கட்டணம் ஏதுமில்லை, ரூ. 10 லட்சம் வரை ரூ. 200 மட்டுமே. வழக்குக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவித் தொலைபேசி எண்ணில் முறையிட்டு இணக்கமாகத் தீர்த்துக்கொள்ளவும் முயலலாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். வாணிப நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார். சுயதொழிலால் தம் ஜீவனத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே. கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தினிடம் யந்திரம் வாங்கியவர் தொடுத்த வழக்கில், 1995 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விரிவாக விளக்கியது. தம் நிலத்தில் பயிரிட விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று 2012 இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தாமே ஓட்டிப் பிழைக்க வண்டி வாங்கிய அங்கத்தினருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கும். கூட்டுறவுச் சங்கமும் அச்சட்டத்தின்படி ஒரு "நபர்" தான். எனினும் சங்கத்தின் வண்டி வாணிப நோக்குடையது என்று எதிர்த்தரப்பார் வாதிடக்கூடும். ஆகவே நீதிமன்றத்தை நம்பி வாங்குவதைவிட, பத்திரத்தை முதலிலேயே சரியாகப் பெற்றுக்கொள்வது சங்கங்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

வண்டி வாங்குவதற்கான தீர்மானத்தை நிறைவேற்றும் முன், உத்தரவாதப் பத்திரத்தின் முழு நகலையும் வியாபாரியிடம் கேட்டுப் பெற்றுக் குழுவின் முன் வைக்க வேண்டும். விளம்பரத் தாளை வைத்துத் தீர்மானம் செய்தலாகாது. பத்திரத்தைக் கொடுக்கத் தயங்கும் வியாபாரியின் உத்தரவாதம் எத்தகையது என்பதை அத்தயக்கமே தெரிவிக்கும்.

பத்திரத்தில் கையெழுத்திடுபவர் யார், பணம் கொடுக்கும் பொறுப்பு எவருடையது, அவருடைய பதிவு பெற்ற காரியாலயம் எங்கே இருக்கிறது என்பவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்லும் சலுகை எதுவாயினும் கடையின் முத்திரைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். எந்தெந்தப் பகுதிகள் அடங்கும் என்று பெயர் சொல்லி எழுதிய பத்திரமா, விலக்குகளை மட்டும் எழுதிய பத்திரமா என்று பார்க்க வேண்டும். முன்னதில் பெயர் இல்லாத பகுதிக்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் பட்டறையைத் தவிர வேறு எங்கும் சர்வீசு செய்யலாகாது என்ற ஷரத்து இருந்தால், அப்பட்டறை நம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் கணக்கிட வேண்டும். அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய் ஒரு நாள் வேலையை இழப்பதும் உத்தரவாதத்தின் விலையில் ஒரு பகுதியே.

வாங்கிய பின், வண்டிக்கென ஒரு தனிக் கோப்பும் ஓட்டப் பதிவேடும் வைத்து, சர்வீசு ரசீது ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் பட்டறையின் முத்திரையும் உள்ளனவா என்று காரியதரிசி அன்றே பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அடுத்த சர்வீசு எப்போது என்பதைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து வைப்பதற்குச் செலவு எதுவுமில்லை. உத்தரவாதம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாக வண்டியை முழுவதும் பரிசோதித்து, காணும் குறைகளை எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வைக்க வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்த ஷரத்தின்படி மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

மொத்தத்தில், உற்பத்திக் கம்பெனியே தன் பெயரால், தெளிவான நிபந்தனைகளோடு கொடுக்கும் உத்தரவாதம் நம்பத் தகுந்தது; அது எவ்வளவு நீண்டதாயினும் வரவேற்கத்தக்கது. வியாபாரியின் சொந்தப் பொறுப்பிலுள்ள நீண்ட உத்தரவாதத்துக்கு அவ்வியாபாரியின் நாணயத்தையும் நிலைபேற்றையும் பொறுத்தே மதிப்பு. பெயர் தெரியாத நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்காகச் சங்கப் பணத்தைச் செலவிடுவது தகாது. அங்கத்தினர்களின் பணத்தைக் கடனாகக் கொடுக்கும்போது காட்டும் விழிப்பை, அதே பணத்தைக் கொண்டு வண்டி வாங்கும்போதும் நிர்வாகக் குழுக்கள் காட்டுமாயின், நீண்ட உத்தரவாதம் எதுவும் நம்மை ஏமாற்ற வழியில்லை. வரும் மகாசபைக் கூட்டங்களுக்கு முன்னரே, தத்தம் சங்க வண்டிகளின் உத்தரவாதப் பத்திரங்களை எடுத்து ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்குமாறு சங்கக் காரியதரிசிகளை வேண்டிக்கொள்கிறோம்.